பகுத்துக் கொடுக்கும் பேரெண்

குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைப் பழக்கும் நாள்களில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தின் ஓரமாக நின்று பாருங்கள். அறுபது பிள்ளைகள் வந்துவிட்டால் பி.டி. மாஸ்டருக்கு அன்று கவலையே இல்லை. இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு என்று எப்படி நிற்கச் சொன்னாலும் எந்தப் பிள்ளையும் தனியாக விடுபடாது. ஒரே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஐம்பத்தொன்பதாகிவிட்டால் போதும், எல்லாம் கலைந்துவிடும். இரண்டிரண்டாக நிறுத்தினால் ஒருவன் மிச்சம். மும்மூன்றாக நிறுத்தினால் இருவர் மிச்சம். ஐந்தைந்தாக நிறுத்தினால் நால்வர் மிச்சம். கடைசியில் மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே நீள வரிசையாக நிற்க வேண்டியதுதான்.

59 பகா எண். 60 பகு எண். ஆறாம் வகுப்பிலேயே இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அவற்றின் அழகைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம். பகுதி, பகுப்பு, பகிர்வு எல்லாம் ‘பகு’ என்ற வேரில் முளைத்தவை. தன்னிடம் இருப்பதைப் பகுத்து உண்பவனை நம் மரபு எவ்வளவு உயரத்தில் வைத்தது! அந்தச் சொல்லையே எடுத்து ஒரு எண்ணுக்கு வைத்திருக்கிறது தமிழ். பகு எண் என்றால் பங்கிடச் சம்மதிக்கும் எண். பகா எண் என்றால் சம்மதிக்காத எண்.

கணிதத்தின் புகழில் பெரும்பங்கு பகா எண்களுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவை எண்களின் அணுக்கள், அவற்றின் ஒழுங்கு ஒரு மர்மம், புதிதாக ஒரு பெரிய பகா எண் கிடைத்தால் செய்தித்தாளில் இடம் உண்டு. அந்தப் புகழ் நியாயமானதே. ஆனாலும் என் வணக்கம் மற்ற பக்கத்துக்கு. யார் வந்து கேட்டாலும் மிச்சம் வைக்காமல் பங்கு பிரித்துக் கொடுக்கும் எண்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த எண் 67,46,32,83,88,800. வாய்விட்டுச் சொன்னால், ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. வினாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால், சாப்பிடாமல் தூங்காமல் எண்ணினாலும், முடிக்க இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகளை உடைய எண்களை அதில் அவர் தனி இனமாகப் பிரித்து ஆராய்ந்தார். மிகு பகு எண்கள் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. அறுபதுக்குக் கீழே எங்கே தேடினாலும் பன்னிரண்டு காரணிகள் உள்ள எண் கிடைக்காது. அறுபதுக்குத்தான் முதன்முதலாகப் பன்னிரண்டு. இப்படிப்பட்ட 102 எண்களைக் கையால் கணக்கிட்டு அவர் அட்டவணையாகத் தந்தார். அதில் கடைசியாக நிற்பது நான் மேலே எழுதிய எண். இன்றைய கணினி எதுவும் இல்லாத காலம் அது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். எஃப்.ஏ. தேர்வில் தேற முடியாமல் கல்லூரியை விட்டவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவை இந்தப் பகு எண்கள்.

இந்தப் பேரெண்ணின் உள்ளமைப்பை நான் மனத்தில் பதித்துக்கொண்டது மின்சார ரயிலில். கடற்கரை நிலையத்தில் ஏறினால், 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்த துறைமுகக் கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் காலத்தில் இந்த மின்சார வண்டி கிடையாது. அது 1931-இல் வந்தது. கிண்டி வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வரலாம். கிண்டியிலிருந்து கணக்கு ஆரம்பம். கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். ஒன்பது நிலையங்கள். பேரெண்ணுக்குள் இருக்கும் பகா எண்களும் ஒன்பது: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23. இடையில் ஒன்றைக்கூட விடாமல் வரிசையாக இருக்கின்றன.

கிண்டியில் 2. அது ஆறு முறை பெருக்கப்பட்டு 64 ஆகிறது. பரங்கிமலையில் 3, நான்கு முறை. 64-ஐ 81-ஆல் பெருக்க 5,184. பழவந்தாங்கலில் 5 இரண்டு முறை, மீனம்பாக்கத்தில் 7 இரண்டு முறை. அதற்குப் பிறகு வரும் ஐந்து நிலையங்களிலும் அந்தந்தப் பகா எண் ஒரே ஒரு முறைதான்.

ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, பிறகு ஒன்று ஒன்றாக ஐந்து. சிறிய பகா எண் அடியில் அகலமாக உட்கார, பெரியவை மேலே மெலிந்துகொண்டே போகின்றன. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வடிவம் புதிதல்ல. இது ஏன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை ஒரு சிறுவனுக்குக்கூட விளக்கிவிட முடிகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு 2, இரண்டு 3. காரணிகள் ஆறு. இப்போது அடுக்குகளை இடம் மாற்றுங்கள்: இரண்டு 2, ஒரு 3. அது 12. அதற்கும் காரணிகள் ஆறுதான், ஆனால் எண் சிறியதாகிவிட்டது. ஆகவே பெரிய பகா எண்ணுக்குச் சிறியதைவிட அதிக இடம் கொடுக்கும் எந்த எண்ணும் மிகு பகு எண் ஆக முடியாது. இடையில் ஒரு பகா எண்ணை விட்டுவிட்டுப் போனாலும் ஆக முடியாது. உச்சியில் நிற்கும் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார். அந்த விதிக்கு விலக்கு, முடிவில்லாத எண் வரிசை முழுவதிலும் இரண்டே இரண்டு: 4, 36.

காரணிகளை எண்ணுவதும் எளிது. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். கிண்டியில் 7 காரணிகள். பரங்கிமலையில் அதை ஐந்தால் பெருக்கினால் 35. பழவந்தாங்கலில் 105. மீனம்பாக்கத்தில், விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கும் நேரத்தில், 315. எண் இதுவரை 63,50,400 ஆகியிருக்கிறது.

பரங்கிமலையைக் கடக்கும்போது இன்னொரு பகு எண்ணும் நினைவுக்கு வரும். 1802-இல் வில்லியம் லாம்டன் இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஏறத்தாழ ஏழரை மைல். சமவெளியில், வெயிலில், சங்கிலியைப் பெட்டிகளுக்குள் வைத்து வெப்பத்தால் அது நீளும் அளவைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் போல அந்த வேலை நடந்தது. பிறகு இமயம் வரை சென்ற மாபெரும் நிலஅளவைக்கு அதுவே அடிக்கோடு. அவர் கோணம் அளந்த வட்டக் கருவியில் 360 பாகைகள். அதுவும் ராமானுஜனின் பட்டியலில் உள்ள மிகு பகு எண்தான், காரணிகள் 24. அரைவட்டம், கால்வட்டம், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என எப்படி வெட்டினாலும் பின்னம் வராது. நம் பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகளும் 60. பாபிலோனியாவிலும் இதே 60. கடலாலும் மலையாலும் பிரிந்து கிடந்த மனிதர்கள், பங்கிடத் தோதான எண் எது என்று தேடியபோது ஒரே வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

திரிசூலத்தில் 11-ஆல் பெருக்குகிறோம். 6 கோடியே 98 லட்சத்து 54 ஆயிரத்து 400. காரணிகள் 630. பல்லாவரத்தில் 13; எண் 90 கோடியே 81 லட்சத்து 7 ஆயிரத்து 200, காரணிகள் 1,260.

இந்த இடத்தில் சன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். வெட்டி எடுத்தது போக மிஞ்சி நிற்கும் குன்றுகளின் கருநீலப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு இந்தப் பகுதிக் கல்தான் போனது. அதை வைத்தே பாறை இனத்துக்குப் பெயர் வந்தது. உலகின் எந்த மூலையில் இந்தப் பாறை கிடைத்தாலும் நிலவியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மூல இடம் இந்தப் பல்லாவரம்–பரங்கிமலைச் சரிவு. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். அந்தக் கோடரியைச் செதுக்கியவனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அவன் கையிலிருந்த கல்லுக்கு முன்பே, அந்தக் கல் பிறந்த நெருப்புக்கு முன்பே, 90 கோடியே 81 லட்சத்து 7 ஆயிரத்து 200-க்கு 1,260 காரணிகள் இருந்தன. ஒன்று குறையவும் இல்லை, ஒன்று கூடவும் இல்லை. பாறையைச் செய்யப் படைத்தவனுக்கு வெப்பமும் அழுத்தமும் காலமும் தேவைப்பட்டன. எண்ணுக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. மலை தேய்கிறது, நம் கண்ணெதிரேயே பாதி மலை ஜல்லியாகிப் போய்விட்டது. எண்ணிலிருந்து ஒரு சில்லைப் பெயர்க்க எந்த வெடியாலும் ஆகாது. இந்த நினைப்பு வரும்போதெல்லாம் கை தானாகக் கூப்பிக்கொள்ளும்.

குரோம்பேட்டை. 17. எண் 1,543 கோடியே 78 லட்சத்து 22 ஆயிரத்து 400. காரணிகள் 2,520. ஒன்று முதல் பத்து வரையிலான எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் எது என்று பள்ளியில் மீ.சி.ம. கண்டுபிடித்தோமே, அதற்கு விடை 2,520. இங்கே அது காரணிகளின் தொகையாக வந்து நிற்கிறது.

அடுத்து தாம்பரம் சானடோரியம். 19-ஆல் பெருக்கினால் 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. இதுவும் மிகு பகு எண். ராமானுஜன் தம் அட்டவணையில் எழுதாமல் விட்டுப்போன எண் இது ஒன்றுதான்.

இதை முதல் தடவை கவனித்தபோது வண்டி நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் பலகையில் நிலையத்தின் பெயரைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன்.

1917-இல் இங்கிலாந்தில் ராமானுஜன் நோயில் விழுந்தார். காசநோய் என்று கருதி அவரைச் சில இடங்களில் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று சாமர்செட் மாவட்டத்தின் மெண்டிப் குன்றுகளில் இருந்த சானடோரியம். அதை நடத்தியவர் நம் நாட்டவர், டாக்டர் டேவிட் சவுரிமுத்து. திறந்த வெளி, தூய காற்று, ஓய்வு இவற்றைக் கொண்டு காசநோயைக் குணப்படுத்தும் முறையில் பெயர் பெற்றவர். அவர்தான் தாயகம் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசின் கைக்குப் போனது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் சானடோரியமும் அதுவே. ராமானுஜனின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை இந்த மண்ணில் வந்து ஒரு மருத்துவமனையை நட்டிருக்கிறது. அதற்குள் ராமானுஜன் போய்விட்டார்: 1919-இல் சென்னை திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று டி.ஏ.பி. யங் 1994-இல் எழுதினார். அது உண்மையானால் குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய். அந்தப் பத்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலையங்களுக்கும் பகா எண்களுக்கும் முடிச்சுப் போட்டது நான். அதில் மறைபொருள் எதுவும் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. கிண்டிக்கு முன்னால் சைதாப்பேட்டையிலிருந்து தொடங்கியிருந்தால் கணக்கு வேறு இடத்தில் வந்து நின்றிருக்கும். ஆனாலும் அவர் விட்டுப்போன எண்ணும் அவருடைய மருத்துவர் விட்டுப்போன மருத்துவமனையும் ஒரே நடைமேடையில் எனக்காகக் காத்திருந்ததைச் சாதாரணமாகக் கடந்து போக என்னால் முடியவில்லை.

விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040 என்றேன். 5,040-ஐ லேசாக நினைத்துவிடாதீர்கள். ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினால் 5,040. ஏழு முதல் பத்து வரை பெருக்கினாலும் 5,040. அதற்கும் தனியாகக் காரணிகள் உண்டு. எத்தனை என்று எண்ணினால் அறுபது. மைதானத்தில் நின்ற அதே அறுபது. அறுபதுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்கு ஆறு, ஆறுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நல்ல நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார். நிலத்தையும் பொறுப்பையும் எப்படிப் பங்கிட்டாலும் யாருக்கும் குறை வராது என்பதுதான் காரணம்.

5,040-இன் காரணிகளை எல்லாம் கூட்டினால் 19,344. இந்தக் கூட்டுத்தொகை எதற்கு என்று கேட்கலாம். கணிதத்தில் இன்றுவரை அவிழாத முடிச்சுகளில் பெரியது, 1859-இல் ரீமன் எழுப்பிய கருதுகோள். பகா எண்கள் எண் வரிசையில் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதைப் பற்றியது அது. 1984-இல் கி ராபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் அதைக் காரணிகளின் மொழியில் திருப்பிச் சொன்னார். எந்த எண்ணையும் எடுத்து, அதன் இயல் மடக்கைக்கு மீண்டும் மடக்கை கண்டு, அதையும் எண்ணையும் 1.781 அளவுள்ள ஒரு மாறிலியையும் பெருக்குங்கள். அது ஒரு எல்லைக்கோடு. 5,040-க்கு அந்த எல்லை ஏறத்தாழ 19,237. காரணிகளின் கூட்டுத்தொகையான 19,344 அதைத் தாண்டிவிடுகிறது. 5,040-க்கு அப்பால் எந்த எண்ணும் ஒருபோதும் கோட்டைத் தாண்டாது என்றால் ரீமன் சொன்னது சரி. ஒரே ஒரு எண் தாண்டிவிட்டால்கூட அது தவறு. பங்கிட மறுக்கும் எண்களின் ஆழ்ந்த இரகசியத்துக்கான சாவி, பங்கிடுவதில் வள்ளலான எண்களின் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ரீமன் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்கள் அந்தக் கோட்டைத் தாண்டா என்ற முடிவை ராபினுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ராமானுஜன் எட்டியிருந்தார். 1915 கட்டுரையின் பிற்பகுதியில் அது இருந்தது. போர்க்காலத்தில் லண்டன் கணிதச் சங்கத்திடம் பணமில்லை. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக அந்தப் பகுதியை அவர் வெளியிடாமல் எடுத்துவைத்தார். கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1997-இல்தான் ழான்-லூயி நிக்கோலாவும் ராபினும் குறிப்புகள் எழுதி அச்சேற்றினார்கள். ‘ராமானுஜன் ஜர்னல்’ என்ற இதழின் முதல் தொகுதியில் அது வந்தது. அந்த இதழைத் தொடங்கியவர் சென்னையில் வளர்ந்த கிருஷ்ணசாமி அல்லாடி. அவருடைய தந்தை அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் நிறுவிய கணித அறிவியல் நிறுவனம், நாம் கணக்கைத் தொடங்கிய கிண்டியிலிருந்து அதிகத் தூரமில்லாத தரமணியில் இருக்கிறது. 1975-இல் கிருஷ்ணசாமி அல்லாடி கல்லூரி மாணவராக இருந்தபோது, கணிதர் பால் எர்டிஷ் ஆஸ்திரேலியா போகும் வழியில் அவரைச் சந்திப்பதற்காகவே சென்னையில் இறங்கினார். மிகு பகு எண்கள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்று 1944-இல் ஆராய்ந்தவர் அதே எர்டிஷ். அச்சுக் கூலி இல்லாமல் நின்றுபோன பக்கங்கள் 82 ஆண்டுகள் கழித்து, ராமானுஜன் வாழ்ந்த ஊரில் வளர்ந்த ஒருவரின் இதழில், ராமானுஜன் பெயரிலேயே வெளிவந்தன.

வண்டி கிளம்பிவிட்டது. தாம்பரம். கடைசிப் பகா எண் 23. எண் முழுமை பெறுகிறது: 67,46,32,83,88,800. காரணிகள் 10,080.

இந்தப் பத்தாயிரத்து எண்பது எவ்வளவு பெரிய கொடை என்பதை அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால்தான் புரியும். இதே அளவுள்ள எண்களை எடுத்துச் சராசரி பார்த்தால் ஒரு எண்ணுக்கு முப்பது காரணிகள் போலத்தான் வரும். 1917-இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து நிறுவிய தேற்றத்தின்படி, இந்த உயரத்தில் வழக்கமான ஒரு எண்ணுக்குள் வெவ்வேறு பகா எண்கள் மூன்று போல இருக்கும். இதற்குள் ஒன்பது. ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. ஐம்பது வரை போனாலும் 29, 31, 37, 41, 43, 47 என்ற ஆறு மட்டுமே வகுக்க முடியாதவை. அந்த ஆறும் பகா எண்கள்.

பக்கத்தில் நிற்கும் எண்களைப் பாருங்கள். பேரெண்ணோடு 2 முதல் 28 வரை எதைக் கூட்டினாலும், எதைக் கழித்தாலும், வரும் எண் பகு எண்ணாகத்தான் இருக்கும். கூட்டிய எண்ணுக்கும் பேரெண்ணுக்கும் பொதுவாக ஒரு காரணி இருப்பதால் அது விடையிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்தப் பக்கம் இருபத்தேழு பேர், அந்தப் பக்கம் இருபத்தேழு பேர், ஒருவர் விடாமல் எல்லோரும் பங்கிடச் சம்மதிப்பவர்கள். ஆனால் தோளோடு தோள் உரசி நிற்கும் இரண்டு எண்கள், ஒன்று கூடியதும் ஒன்று குறைந்ததும், 23 வரையிலான எந்தப் பகா எண்ணாலும் வகுபடா. பத்தாயிரம் காரணிகளில் ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவற்றோடு பொதுவில் இல்லை. வாரி வழங்குபவரின் வாசலை ஒட்டிய இரண்டு வீடுகளும் பூட்டியிருப்பதைப்போல.

பூட்டுகளுக்கும் பயன் உண்டு. இணையத்தில் செய்திகளை மறைத்து அனுப்ப 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்ட முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்தான் பூட்டு. அதுவும் பகு எண்ணே. ஆனால் அதற்கு நான்கே காரணிகள்: ஒன்று, அதுவே, உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டு. அவர்கள் சவாலாக வைத்த 129 இலக்க எண்ணை உடைக்க 1994 வரை ஆயிற்று. நூற்றுக்கணக்கானோர் தங்கள் கணினிகளைக் கொடுத்து உதவ வேண்டியிருந்தது. 129 இலக்கத்துக்கு நான்கு காரணி, 13 இலக்கத்துக்குப் பத்தாயிரத்து எண்பது. பெரிதாக இருப்பதற்கும் பெருந்தன்மைக்கும் இடையே எண்களிலும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஹார்டி இந்த ஆய்வைக் கணிதத்தின் பெருவழியிலிருந்து ஒதுங்கிய துறையாகத்தான் பார்த்தார். அதில் வெளிப்பட்ட ஆற்றலை மட்டும் மனம் திறந்து பாராட்டினார். ராமானுஜனுக்கோ தம் கண்டுபிடிப்புகள் நாமகிரித் தாயாரின் அருள். அந்த நம்பிக்கையை யாரும் வாதாடி நிலைநாட்ட வேண்டியதில்லை. முப்பது காரணிகள் உள்ளவர்களின் கூட்டத்துக்கு நடுவே பத்தாயிரம் காரணிகளோடு ஒன்று நிற்பதைக் கையால் தேடிக் கண்டுபிடித்தவருக்குத் தரிசனம் என்ற சொல் மிகையாகத் தெரியாது.

தாம்பரத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள். மேற்கே பேருந்து நிலையத்துக்குச் சிலர், கிழக்கே சேலையூருக்கும் வேளச்சேரிக்கும் சிலர். கிறித்தவக் கல்லூரி மாணவர்கள் பையை மாட்டிக்கொண்டு போகிறார்கள். 1937-இல் அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே புதர்க்காட்டுக்கு இடம் மாறியது. ஜார்ஜ் டவுன் நாள்களில் அங்கே கணிதம் சொல்லிக்கொடுத்த இ.பி. ராஸ், ராமானுஜனை நேரில் அறிந்தவர். இன்று அந்த வளாகத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன.

ராமானுஜனின் அட்டவணை இந்த நிலையத்தோடு நின்றுவிடுகிறது. செங்கல்பட்டு வண்டி இங்கோடு நிற்பதில்லை. அடுத்து பெருங்களத்தூர்; 29. காரணிகள் 20,160.